வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

வெள்ளூரணிப் பேரூராட்சியில் வாரத்தில் ஆறு நாள் குழாயில் தண்ணீர் வரும், வெள்ளிக்கிழமை மட்டும் கண்ணீர் வரும். கடலுப்பு அல்ல, சவர்த்தண்ணீரும் அல்ல. அழும்போது கன்னத்தில் வழிந்து உதட்டோரம் வந்து நாக்கில் படுமே, அதே உப்பு, அதே இளஞ்சூடு. அதைக் குடித்தவர்களும் அதில் பொங்கித் தின்றவர்களும் சாயங்காலம் நாலு மணி வாக்கில், இருந்த இடத்தில் இருந்தபடியே, கையில் பிடித்த வேலையைக் கீழே வைக்காமலே அழத் தொடங்குவார்கள். அரைமணி நேரம் அழுவார்கள். அப்புறம் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஊருக்கு மேற்கே இருந்த பழைய கிணற்றிலிருந்துதான் தொட்டிக்குத் தண்ணீர் ஏறியது. அதில் யாரோ ஒருத்தி விழுந்துவிட்டாள் என்பார் ஒருவர், விழவெல்லாம் இல்லை, அழ இடமில்லாத ஒருத்தி வெள்ளிக்கிழமை தோறும் வந்து அதற்குள் குனிந்து அழுதுவிட்டுப் போனாள் என்பார் இன்னொருவர். உண்மையைச் சொன்னால் வெள்ளூரணிக்காரர்கள் அதைப் பற்றி ரொம்ப யோசித்ததே இல்லை. மழை ஏன் பெய்கிறது என்று யோசித்து முடித்த பிறகா குடை வாங்குகிறோம்?

ஊர் தன்னை அதற்குத் தகுந்தாற்போல் வளைத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை எந்த வீட்டிலும் உலையிலோ குழம்பிலோ உப்புப் போடுவதில்லை. டீக்கடையில் அன்று சீனி ரெண்டு கரண்டி. சவரக்கடை மத்தியானத்தோடு மூடிவிடும், கத்தி பிடித்தவனும் அழுது கழுத்தை நீட்டியவனும் அழுதால் காரியம் கெட்டுப்போகும் அல்லவா? பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைக்க மாட்டார்கள், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு மூன்றரை மணி பஸ்ஸில் இடம் பிடித்து ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை. மாற்றலாகி வந்த வங்கி மேலாளர் ஒருவர் வெளியூரிலிருந்து கேன் தண்ணீர் வரவழைத்துக் குடித்து மூன்று வாரம் விறைப்பாக இருந்தார்; நாலாவது வாரம் தானே தெருக் குழாயடிக்கு வந்து கையேந்திக் குடித்துவிட்டுப் போய், நாற்காலியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். நெல்லிக்காயை வெள்ளிக்கிழமைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தனியாக உப்பு வேண்டாம், வருசக்கணக்கில் கெடாது. விவரம் தெரியாமல் ஒரு முறை அப்படி ஒரு ஜாடி வெளியூர்ச் சம்பந்தி வீட்டுக்குப் போய், அவர்கள் குடும்பத்தோடு அழுது, நிச்சயம் செய்த கல்யாணமே நின்றுபோனது. அதிலிருந்து ஜாடி ஊரெல்லையைத் தாண்டுவதில்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடுதான் ஊரில் உண்டு. வெள்ளிக்கிழமை அழுகிறவரைப் பார்த்து ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. கடன்காரனைப் பார்த்தாலும் சரி, ஜென்மப் பகையாளியைப் பார்த்தாலும் சரி, தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அதே போல மற்ற ஆறு நாளும் யாரும் அழுவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் சாவு விழுந்தால் காய்ந்த கண்ணோடு எடுத்துப்போட்டுவிட்டு வருவார்கள், வெளியூர் உறவினர்கள் கல்நெஞ்சுக்காரர்கள் என்று திட்டிவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத்தான் மொத்த ஊரும் அந்த வீட்டு வாசலில் கூடும். அப்போது ஒருத்தர் பாக்கியில்லாமல் அழுவார்கள், செத்தவருக்காகவும் அழுவார்கள், அவரவர் வீட்டில் முன்னே செத்தவர்களுக்காகவும் சேர்த்து அழுவார்கள்.

தெய்வக்கனி அழுததில்லை. அவள் மகள் கோமதி பத்து வயதில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்து ஏழு வருசம் ஆகிறது. அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள், தொடங்கினால் தனக்கு அரைமணி நேரம் போதாது, தொடங்கினால் தான் எழுந்திருக்கவே போவதில்லை என்று. அதனால் வியாழக்கிழமையே ஒரு குடம் தண்ணீர் பிடித்து மூடி வைத்துக்கொள்வாள்; வெள்ளிக்கிழமை அதைத்தான் குடிப்பாள், அதில்தான் தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி பொங்கிக்கொள்வாள். இது அவள் புருசன் சுயம்புவுக்குத் தெரியும். அவன் கேட்டதில்லை.

சுயம்பு மாவு மில் வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மில்லை நிறுத்திவிட்டுச் சாக்கின் மேல் உட்கார்வான். தலை, புருவம், மீசை எல்லாம் மாவு படிந்து வெளுத்திருக்கும் முகத்தில், ரெண்டு கண்ணிலிருந்தும் ரெண்டு கறுப்புக் கோடு இறங்கும். வீட்டுக்கு வரும்போது அந்தக் கோடுகள் காய்ந்திருக்கும், அவன் முகம் தெளிந்திருக்கும், சாப்பிடும்போது மகள் கோமு ஆட்டுக்குட்டிக்குச் சட்டை தைத்துப் போட்டதை ஏதோ நேற்று நடந்த மாதிரிச் சொல்லிச் சிரிப்பான். தெய்வக்கனி அந்தக் கோடுகளை மட்டும்தான் பார்ப்பாள். வாரா வாரம் என் மனுசனை இந்தத் தண்ணீர் அறுக்கிறதே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சோறு போடுவாள்.

அந்த வருசம் அவள் பேரூராட்சித் தலைவியானாள். அதற்கு முன்னே பதினைந்து வருசம் தலைவராக இருந்தவர் நல்லதம்பி அண்ணாச்சி. மாற்றம் வேண்டும் என்று சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கித்தான் தெய்வக்கனி ஜெயித்தாள், நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினாள். தெருவிளக்கு எரிந்தது. சாக்கடை ஓடியது. குப்பை வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. மூன்று மாதம் மேசை மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கிற தலைவியின் கை மாதிரி அரிக்கிற கை உலகத்தில் கிடையாது.

பக்கத்து ஊர்த் தலைவர்கள் எல்லாம் கூடிய கூட்டம் ஒன்றில் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் ஊரில் செய்ததைப் பட்டியல் போட்டார்கள். அவள் முறை வந்தபோது பின்வரிசையில் யாரோ, "அழுமூஞ்சி ஊர்ல என்ன நடக்கும், அழத்தான் நடக்கும்" என்றார்கள், எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. மில்லுக்குள் எட்டிப் பார்த்தால் சுயம்பு ரெண்டு கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். ஊருக்கு நல்லது, தன் வீட்டுக்கும் நல்லது, இதில் தடுமாற என்ன இருக்கிறது என்று அந்த வாசலில் நின்றே முடிவு செய்துவிட்டாள்.

வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரப் புதுக் குழாய் போடுவது, பழைய கிணற்றைத் தூர்த்துவிடுவது, அதன் மேல் பூங்கா அமைப்பது என்று தீர்மானம் ஆனது. ஒரு வியாழக்கிழமை காலையில் நல்லதம்பி அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்தார். ஆள் பாதியாக மெலிந்திருந்தார், சட்டை யாரோ ஒருத்தருடையது மாதிரி தொங்கியது. ஒரு காலத்தில் தான் உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கிணத்தத் தூர்க்கப் போறியளாமே தாயி."

"ஆமா அண்ணாச்சி. நீங்க பதினஞ்சு வருசமாத் தொடாத வேலை."

"தொடல. ஆமா." மேசை விளிம்பை விட்டுக் கையை எடுத்தார். "நான் அதச் சொல்ல வரல. எனக்கு வயித்துல கட்டி. மூணு மாசம், மிஞ்சிப் போனா நாலு மாசம்னுட்டாங்க. என் சாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமைய மட்டும் விட்டு வையி. அதுக்குப் பெறகு நீ என்னத்தையும் மாத்திக்கோ, நான் வந்து கேக்கவா போறேன்?"

தெய்வக்கனி மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். ஆனால் பதினைந்து வருசம் ஓட்டு வாங்கிய மனுசன் அல்லவா, எந்த வாசல் வழியாக உள்ளே வருவார் என்று யாருக்குத் தெரியும்? தேர்தலில் தோற்றவர் வேலையை இழுத்தடிக்கப் பார்க்கிறார் என்று அவள் மனசு சொன்னது, அப்படிச் சொன்னதே அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. நூறு வருசம் இருப்பீய. வேலைக்கு நாள் குறிச்சாச்சு, நிப்பாட்ட முடியாது."

அவர் தலையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை அழுகிறவரைப் பார்த்து ஊர்க்காரர்கள் ஆட்டுவார்களே, அதே ஆட்டல். எழுந்து போய்விட்டார்.

ஒரே மாதத்தில் கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டு மூடி, மேலே புல் பதித்து, ரெண்டு ஊஞ்சலும் ஒரு கல்வெட்டும் வைத்தார்கள். கல்வெட்டில் தெய்வக்கனியின் பெயர் இருந்தது. முதல் வெள்ளிக்கிழமை குழாயில் தித்திப்பாகத் தண்ணீர் வந்தது. பழக்க தோசத்தில் ஊரில் ஒரு வீட்டில்கூட உலையில் உப்புப் போடவில்லை; மத்தியானம் மொத்த ஊரும் உப்பில்லாத குழம்பைப் பிசைந்து வாயில் வைத்து, முழித்து, அப்புறம் வீட்டுக்கு வீடு சிரித்தது. நாலு மணிக்கு எல்லோரும் வாசலுக்கு வந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் அழவில்லை, சவரக்கடைக்காரர் கடையைத் திறந்து கத்தியைத் தீட்டினார். தெய்வக்கனிக்கு மாலை போட்டார்கள். அவரவர் வீட்டில் மிச்சம் இருந்த நெல்லிக்காய் ஜாடியை அந்த மாதத்திலேயே காலி செய்தார்கள், இனிமேல் யார் அதைத் தின்பது என்று தின்று தீர்த்தார்கள், கடைசியாக ஒரு தரம் அழுதும் தீர்த்தார்கள்.

பிறகுதான் ஊர் காய ஆரம்பித்தது. இத்தனை காலம் அழும் வேலையைத் தொட்டியிடம் ஒப்படைத்துவிட்டிருந்த கண்கள் அந்த வேலையை மறந்துவிட்டிருந்தன. கீழே விழுந்து முட்டி பெயர்ந்த குழந்தைகள் அழாமல் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. வெங்காயம் நறுக்கினாலும் கண் கலங்கவில்லை. நெஞ்சில் ஏதோ கல் மாதிரி இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அங்கே ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் தம்பிகள் ஒரு சாண் வரப்புக்காகப் பேச்சை நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்கள் திடீரென்று நின்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப் போலக் கொஞ்ச நேரம் நின்று, பின்னே வேலையைத் தொடர்ந்தார்கள்.

சுயம்பு வெள்ளிக்கிழமை தோறும் மில்லை நிறுத்திவிட்டுச் சாக்கில் உட்கார்ந்துதான் பார்த்தான். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான். இன்னொரு சொம்பு குடித்தான். கடை உப்பைக் கரைத்துக் குடித்து வாந்தி எடுத்தான். அவன் முகம் கோடு விழாமல் முழுசாக வெள்ளையாகவே வீட்டுக்கு வந்தது, தெய்வக்கனி முதல் ரெண்டு வாரம் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டாள். மூன்றாவது மாதம், சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றில் கையை வைத்துக்கொண்டே கேட்டான்.

"தெய்வு, கோமு சிரிச்சா எந்தக் கன்னத்துல குழி விழும்? இடமா, வலமா?"

அவள் சொல்ல வாயைத் திறந்தாள். அவளுக்கும் நினைவு வரவில்லை.

"அழுகையிலதான் அவ மொகம் எனக்கு நல்லாத் தெரியும். இப்ப பாதி பாதியாத் தெரியுது. கொரலு சுத்தமாப் போச்சு." அவன் குரலில் கோபம் எதுவும் இல்லை, மாவு எத்தனை கிலோ என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். சுவரில் கோமுவின் படம் ஒன்று இருந்தது, பள்ளிக்கூடத்துக்காக எடுத்தது, சிரிக்கக் கூடாது என்று மிரட்டி எடுத்தது. ரெண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அதில் ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி இருந்தன.

மறுநாள் அவள் தொட்டி ஆபரேட்டர் உலகுவைக் கூப்பிட்டுக் கிணற்றை மறுபடி தோண்ட முடியுமா என்று ரகசியமாகக் கேட்டாள்.

"பூங்காவுக்குப் பின்னாடி போர் போட்டுப் பாத்துட்டேன்க்கா, உங்ககிட்ட சொல்லல. எரநூறு அடி. கல்கண்டு மாதிரி இனிக்குது" என்றான் உலகு. அவன் அதைச் சொன்ன விதம், ஏதோ சாவுச் செய்தியைச் சொல்கிற விதமாக இருந்தது.

நல்லதம்பி அண்ணாச்சி ஒரு புதன்கிழமை செத்துப்போனார். காய்ந்த கண்ணோடு எடுத்துப்போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் தெய்வக்கனி அலுவலகத்தில் பழைய பீரோவைத் திறந்து, எதற்கென்று தெரியாமல், கிணற்றுக் கோப்பைத் தேடி எடுத்தாள். ஒவ்வொரு வருசமும் யாராவது ஒரு மனு கொடுத்திருந்தார்கள், கிணற்றை மூட வேண்டும், உப்பை நீக்க வேண்டும் என்று. ஒவ்வொரு மனுவின் ஓரத்திலும் அண்ணாச்சி கிணற்றுக்குப் போய்வந்த தேதியும் நேரமும் எழுதியிருந்தார். யார் யார் வீட்டில் அந்த வருசம் சாவு விழுந்தது என்று பெயர் எழுதியிருந்தார். ஏழு வருசத்துக்கு முந்திய தாளில் கோமதி, த/பெ சுயம்பு என்று இருந்தது. எல்லாத் தாளிலும் கடைசியில் ஒரே வரிதான்: பார்த்தேன். இருக்கட்டும். பதினைந்து தாள், பதினைந்து கையெழுத்து. ஒன்றும் செய்யாத மனுசன் என்று அவள் மேடை மேடையாகச் சொன்னது இதைத்தான்.

நாலு மணிக்கு ஊர் முழுக்க அண்ணாச்சி வீட்டு வாசலில் கூடியது. இத்தனை வருசப் பழக்கம், கால்கள் தாமாக வந்தன. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாலரை ஆனது. ஐந்து ஆனது. பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, ஒப்பாரிக்கு வாயைத் திறந்து, காற்று மட்டும் வர, மூடிக்கொண்டார்கள். ஆண்கள் கண்ணைத் தேய்த்துச் சிவக்க வைத்தார்கள். வெயில் இறங்கும்போது ஒருத்தர் எழுந்தார், அவர் பின்னால் இன்னொருத்தர், தப்புச் செய்தவர்கள் மாதிரி சத்தம் இல்லாமல் கலைந்து போனார்கள். கடைசியில் அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாளும் தெய்வக்கனியும்தான் மிச்சம்.

"மைனி" என்றாள் தெய்வக்கனி.

பேச்சியம்மாள் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவிய ஒன்கிட்ட கேட்டது ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான, தாயி" என்று மட்டும் சொன்னாள்.

தெய்வக்கனி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். அடுக்களைப் பரணில், எல்லாச் சாமானுக்கும் பின்னால், ஒரு சின்னப் பீங்கான் ஜாடி இருந்தது. காய்ச்சல் வருவதற்கு முந்திய மாதம் கோமு தானே நெல்லிக்காய் கழுவி, தானே வெள்ளிக்கிழமைத் தண்ணீர் ஊற்றி, தன் பழைய பாவாடைத் துணியைக் கிழித்து வாயை மூடி வேடு கட்டிய ஜாடி; அவிழ்ந்துவிடுமோ என்று முடிச்சு மேல் முடிச்சாக நாலு முடிச்சு போட்டிருந்தாள். அந்த முடிச்சுகளை அவிழ்க்க மனசில்லாமல்தான் ஏழு வருசம் அது அங்கேயே இருந்தது. தெய்வக்கனி ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனாள்.

சுயம்பு துணியைப் பார்த்ததுமே கண்டுகொண்டான். "இது பிள்ள போட்டதுல்லா."

அவனே முடிச்சுகளை அவிழ்த்தான், ஒவ்வொன்றாக, நகத்தால், ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு. பன்னிரண்டு நெல்லிக்காய் இருந்தன. ஒன்றை எடுத்து ஒரு சுளையை மட்டும் பிய்த்து வாயில் போட்டுவிட்டு மீதியைத் திரும்ப ஜாடிக்குள் போட்டான். "நட. மொதல்ல பேச்சியம்மா வீட்டுக்கு. அங்க ஒருத்தரும் இன்னும் அழல" என்றான். அவன் சொல்லி முடிக்கும் முன்பே முதல் கோடு மாவில் இறங்கத் தொடங்கியிருந்தது.

பேச்சியம்மாள் ஒரு சுளையைக் கடித்தாள். மென்று விழுங்கினாள். பிறகு அவளிடமிருந்து எழுந்த சத்தத்துக்குத் தெருவே கதவைத் திறந்தது. போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். தெய்வக்கனி ஜாடியோடு வாசலில் உட்கார்ந்து, நெல்லிக்காயைச் சுளை சுளையாகப் பிய்த்து, நீட்டிய கைகளில் எல்லாம் வைத்தாள். சுளை தீர்ந்த பிறகு வந்தவர்களுக்கு ஊறிய தண்ணீரை ஒவ்வொரு சொட்டாக நாக்கில் விட்டாள். உலகு அழுதான், சவரக்கடைக்காரர் அழுதார், பேச்சை நிறுத்தியிருந்த அண்ணன் தம்பிகள் ஒரே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நல்லதம்பி அண்ணாச்சிக்கு அவர் கேட்ட வெள்ளிக்கிழமை கிடைத்தது, ரெண்டு மணி நேரம் தாமதமாக, ஒரு பத்து வயதுப் பிள்ளையின் ஜாடியிலிருந்து. அதுதான் வெள்ளூரணியின் கடைசி அழுகை என்று அழும்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அது அரைமணியில் முடியவில்லை.

சுயம்பு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மாவு முழுக்கக் கரைந்து அவன் கன்னமெல்லாம் பசையாக இருந்தது.

"இடது கன்னம், தெய்வு" என்றான். "இடது. இப்பத்தான் சிரிச்சா."

தெய்வக்கனி ஜாடிக்குள் கையை விட்டாள். கவிழ்த்துப் பார்த்தாள். விரலால் உள்புறத்தைச் சுற்றி வழித்து நக்கினாள். பீங்கானின் குளிர்ச்சிதான் இருந்தது. கோமுவின் துணியை வாயில் வைத்துப் பார்த்தாள், பரண் தூசிதான் ருசித்தது. சுற்றிலும் ஊர் அழுதது. ஏழு வருசம் குடம் குடமாகப் பிடித்து மூடி வைத்த வியாழக்கிழமைத் தண்ணீர் அவள் நெஞ்சுக்குள் அசையாமல் நின்றது.

சுயம்பு அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். காய்ந்து கிடந்த அந்தக் கண்களைப் பார்த்தான். ஏன் அழுகிறாய் என்று இந்நாள் வரை யாரும் யாரையும் கேட்டிராத அந்த ஊரில், முதல் முறையாக ஒரு மனுசன் வாய் திறந்து கேட்டான்.

"நீ ஏன் அழல, தெய்வு?"